சம்பந்தி வீட்டு மாவுப்பூச்சி

கதவைத் தாழ்ப்பாள் போட்டது தப்பு என்று, தாழ்ப்பாளிலிருந்து கையை எடுப்பதற்குள்ளேயே அருமைநாயகத்துக்குத் தோன்றிவிட்டது. செடியைப் பார்க்கப் போகிறவன் எதற்குத் தாழ்ப்பாள் போடுகிறான், சும்மா சாத்தி வைத்தால் போதாதா. ஆனால் இப்போது திறந்தால் அந்தச் சத்தமும் வெளியே கேட்கும், போட்ட சத்தம் ஒன்று, எடுத்த சத்தம் ஒன்று, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இந்த மனுஷன் எதையோ ஒளிக்கிறான் என்று யாருக்கும் விளங்கிவிடும், அதுவும் முன்னறையில் உட்கார்ந்திருப்பது எப்சிபா டீச்சர். பெண்கள் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசி பெஞ்சில் மிட்டாய்க் காகிதம் பிரிகிற சத்தத்தை வைத்தே அது என்ன மிட்டாய் என்று அம்மா சொல்லிவிடுவாள் என்று அவர் மகன் ஜெபினே பெருமையடித்திருக்கிறான். அந்த ஜெபினுக்குத்தான் அருமைநாயகத்தின் ஒரே மகள் ஷைனியை அடுத்த மாதம் பதினாறாம் தேதி கட்டிக் கொடுக்கப்போகிறார்கள். ஆக, வெளியே இருப்பது சம்பந்தி. சம்பந்தி இன்று காலை நாசரேத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு, மடியில் ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறார். வாளிக்குள் ஒரு சின்னச் செடி. மூன்று மாதத்துக்கு முன்னால் நிச்சயதார்த்தத்துக்கு வந்த நூற்றிருபது குடும்பங்களுக்கும் அருமைநாயகம் தன் கையால் எடுத்துக் கொடுத்த செடிகளில் ஒன்று. "வேர்ல என்னமோ வெள்ளையா இருக்கு அண்ணாச்சி, நீங்க பாத்தாத்தான் தெரியும்" என்று டீச்சர் வாளியை நீட்டியபோது முகத்தில் சிரிப்பில்லை. "அஞ்சே நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வாளியோடு இந்த அறைக்குள் நுழைந்தார் அருமைநாயகம். அது நாற்பது நிமிஷத்துக்கு முன்னால்.

பார்க்க என்ன இருக்கிறது, அவருக்கு நேற்றே தெரியும். நேற்று சாயங்காலம் டீச்சர் போன் பண்ணி, "நாளைக்கு வாரேன், ஒரு செடியக் காட்டணும், நேர்லதான் பேசணும்" என்று சொன்னதுமே மாடிக்குப் போய்க் கைக்கு வந்த முதல் தொட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினார். ஹவொர்த்தியா. கற்றாழைக்குத் தம்பி மாதிரி, உள்ளங்கையில் அடங்குகிற, கரும்பச்சை இலையில் வெள்ளை வரி ஓடுகிற செடி. சதைப்பற்றுள்ள செடிகளிலேயே சாது, ஒரு தொந்தரவு கிடையாது, பென்ஷன்காரனுக்கு ஏற்ற செடி. மண் கட்டியாகக் கழன்று வந்தது, வேரைச் சுற்றிலும் பஞ்சு. முதலில் அதை பெர்லைட் என்று நினைத்தார், மண் இறுகிவிடாமல் இருக்கக் கலக்கிற வெள்ளைப் பொரி. நினைத்தார் என்பதைவிட அப்படி இருந்தால் தேவலை என்று ஆசைப்பட்டார் என்பதுதான் சரி. ஊசி நுனியால் தொட்டுப் பார்த்தார். பெர்லைட் நகர்ந்தது. பெர்லைட் நகராது. சரி, பூஞ்சணமாக இருக்கட்டும், வேருக்கு நன்மை செய்கிற பூஞ்சணம்கூட உண்டு என்று படித்திருக்கிறாரே, ஆண்டவரே, பூஞ்சணமாக இருக்கட்டும் என்று லென்ஸை வைத்தால், பூஞ்சணத்துக்கு ஆறு கால். வேர் மாவுப்பூச்சி. செம்பருத்தியில் வெளிப்படையாக அப்பியிருக்குமே வெள்ளை வெள்ளையாக, அந்த மாவுப்பூச்சிக்குச் சொந்தக்காரன். ஆனால் இவன் வெளியே தலைகாட்டுகிறவன் இல்லை, மண்ணுக்குள்ளேயே இருந்து வேரை உறிஞ்சுகிறவன், அரிசி நொய்யில் பாதி அளவு, செடி வாடுகிற வரைக்கும் வீட்டுக்காரனுக்குச் சங்கதியே தெரியாது. நிச்சயதார்த்தத்தன்று அவர் மைக் பிடித்து, பிடிக்காமல் இருந்திருக்கலாம், யாரும் பேசச் சொல்லவில்லை, மைக் சும்மா இருந்தது, அதனால் பிடித்து, "முப்பத்தோரு வருஷம் போலீஸ் இலாகால விரல்ரேகை பாத்த கண்ணு இது. ஒவ்வொரு செடியையும் நானே லென்ஸ் வச்சுப் பாத்திருக்கேன், ஒரு பூச்சி இருக்காது, நம்பி வீட்டுக்குக் கொண்டு போங்க" என்று சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் இப்போது காதுக்குள் மறுபடி கேட்கிறது, அப்போது கேட்டதைவிட நீளமாக.

லென்ஸ் வைத்துப் பார்த்தது வாஸ்தவம். ஆனால் இலையைத்தானே பார்த்தார், வேரை யார் பார்ப்பார்கள், குற்றவாளியின் கையைப் பார்க்கிறவன் காலைப் பார்ப்பானா. அதை விடு. இப்போது யோசிக்க வேண்டியது ஒன்றுதான்: வேர் மாவுப்பூச்சி என்றால் ஒரே பூச்சி இல்லை, அதில் பல இனம். மாடியில் தன் தொட்டியில் இருப்பது ஒரு இனம், டீச்சர் வாளியில் இருப்பது வேறு இனம் என்று ஆகிவிட்டால், தீர்ந்தது கதை, டீச்சர் வீட்டுப் பூச்சி டீச்சர் வீட்டில் பிறந்தது, அருமைநாயகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, சம்பந்தி என்கிற ஒரு சம்பந்தத்தைத் தவிர. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஏலம் விட்ட பழைய மைக்ரோஸ்கோப் ஒன்று மேஜை மேல் இருக்கிறது. நேற்றே தன் பூச்சியைத் தயார் செய்து கண்ணாடித் தகட்டில் ஒட்டி, ஓரத்தில் 'அ' என்று எழுதி வைத்துவிட்டார். இப்போது 'எ'. எப்சிபா. பூச்சியை ஊசியால் குத்தி, காஸ்டிக் பொட்டாஷ் கரைசலில் போட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து இளஞ்சூட்டில் விட வேண்டும், உள்ளே இருக்கிற கொழுப்பு எல்லாம் கரைந்து வெறும் தோல் மிஞ்சும். அப்புறம் கழுவி, சிவப்புச் சாயத்தில் முக்கி, கிராம்புத் தைலத்தில் தெளிய வைத்து ஒட்ட வேண்டும். நெய்க் கிண்ணம் இங்கே இருக்கிறது என்பதும், பல்வலிக்கு வைத்திருந்த கிராம்புத் தைலம் இங்கே இருக்கிறது என்பதும் மனைவி சுகிர்தத்துக்கு இன்னும் தெரியாது. பொட்டாஷ் போட்ட கிண்ணத்தை இனிமேல் நெய்க்குக் கொடுக்க முடியாது, அதற்கு ஒரு பதில் தயார் பண்ண வேண்டும், அது அப்புறம். "ஏங்க, உள்ள என்ன பண்ணுதீங்க? காப்பி ஆறுது" என்றாள் சுகிர்தம் கதவுக்கு அந்தப் பக்கம். "இதோ, ஊறுது" என்றார். "எது?" என்றாள். "வாரேன், வாரேன்" என்றார். அவளுடைய செருப்புச் சத்தம் திரும்பிப் போயிற்று. அதற்குப் பிறகு முன்னறையில் பேச்சு தாழ்ந்துவிட்டது. தாழ்ந்த பேச்சுதான் பயம். அண்ணி முறைக்கு மைனி மைனி என்று ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டுக்கொண்டு இரண்டு பேரும் உரக்கச் சிரிக்கிறவர்கள், போனில் பேசினாலே தெரு முனைக்குக் கேட்கும், இப்போது ஏன் முணுமுணுப்பு.

'எ' தகட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்துக் கண்ணைப் பொருத்தினார். ரோஜா நிறத்தில், வயிறு மேலே தெரிகிறபடி, கைகால் பரத்தி ஒரு ஜீவன். அழகாகத்தான் இருந்தது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். இன்டர்நெட்டிலிருந்து அச்செடுத்து வைத்த காகிதம் பக்கத்தில்: இப்படி இருந்தால் மூன்றாம் எண்ணுக்குப் போ, இல்லாவிட்டால் ஏழாம் எண்ணுக்குப் போ என்று ஒவ்வொரு படியாகக் கேள்வி கேட்டுக் கடைசியில் பெயரில் கொண்டுபோய் விடுகிற காகிதம். வால் பக்கம் மாட்டுக் கொம்பு மாதிரி முள் இருந்தால் ஜியோகாக்கஸ். இல்லை. உடம்பிலிருக்கிற மெழுகுத் துளைகள் இரண்டிரண்டு குழலாக இருந்தால் ரிப்பெர்சியெல்லா. மும்மூன்று குழலாக இருந்தால் ரைசோயீக்கஸ். நேற்றுப் பார்த்த தன் பூச்சிக்கு மூன்று குழல், மூன்று ஊதுபத்தியை ஒரே குழியில் செருகி வைத்த மாதிரி, சந்தேகமே இல்லை. ஆகையால் டீச்சர் பூச்சிக்கு இரண்டு குழலாக இருக்க வேண்டும். முப்பத்தோரு வருஷ சர்வீஸில் ஒரு ரேகையையாவது இப்படித்தான் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு பார்த்ததுண்டா? இல்லை. ரேகை வரும், பார்ப்பார், வளைவா, கண்ணியா, சுழியா, பிரிவு எங்கே, முடிவு எங்கே, எழுதுவார், சாப்பிடப் போவார். எட்டுப் புள்ளி ஒத்துப்போகாமல் நிபுணன் வாயைத் திறக்கக் கூடாது என்பது அவருடைய மேலதிகாரி வைத்திருந்த சட்டம். ஏழு புள்ளி ஒத்துப்போனால் ஒத்துப்போகவில்லை என்றுதான் அர்த்தம். ஏழு. அந்த எண் இன்றைக்கு எவ்வளவு இனிப்பாக இருக்கிறது. ஆகவே குழலைக் கடைசியில் பார்ப்போம் என்று முடிவு செய்து மற்றதை எண்ண ஆரம்பித்தார். கண் இல்லை: இரண்டிலும் இல்லை, ஒன்று. உணர்கொம்பு முழங்கை போல மடங்கியிருக்கிறது, இரண்டு. அதில் ஐந்து கணு, மூன்று. மறுபடி எண்ணினார், ஆறாக இருந்தால் என்ன என்று ஒரு நப்பாசை, எதிர்ப்பக்கக் கொம்பையும் எண்ணினார், ஐந்துதான், பாழாய்ப்போன ஐந்து.

"மறைக்கக் கூடாது மைனி" என்று டீச்சர் குரல் கேட்டது. கண்ணை மைக்ரோஸ்கோப்பிலிருந்து எடுக்காமலே காதை மட்டும் கதவுக்கு அனுப்பினார் அருமைநாயகம். சுகிர்தம் ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. "இல்ல, கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிரணும். பின்னால தெரிஞ்சா அசிங்கம்" என்றது டீச்சர் குரல். திருகு ஒரு சுற்று கூடுதலாகத் திரும்பி பூச்சி மறைந்து வெறும் வெளிச்சம் தெரிந்தது. வெறும் வெளிச்சத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு முன்னாடி. எதற்கு முன்னாடி? நிறுத்துகிறதற்கு முன்னாடியா? டீச்சர் வீட்டில் முப்பது வருஷமாகச் சேர்த்த கள்ளிச் செடிகள் இருக்கின்றன, கணவர் தவறிய பிறகு அவைதான் துணை என்று ஜெபின் ஒருநாள் மெதுவாகச் சொன்னான், பின்பக்கம் கம்பி வலை போட்டு வரிசை வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் பெயர், வாங்கிய தேதி. அதன் நடுவில்தான் அருமைநாயகம் கொடுத்த தொட்டியை மரியாதையாக வைத்திருப்பார். மரியாதை செய்யாமல் ஜன்னலில் வைத்திருக்கக்கூடாதா. இப்போது முப்பது வருஷமும் வேரோடு போயிருக்கும். துணையைக் கொன்றவன் வீட்டில் பெண் எடுப்பார்களா? ஷைனி சென்னையில் ஆபீஸில் உட்கார்ந்து யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருப்பாள் இந்நேரம், அப்பா மாடியில் பூச்சி வளர்த்ததால் தன் கல்யாணம் ஆடிக்கொண்டிருக்கிறது என்று தெரியாமல். ஐந்து வயதில் அவளுடைய பத்து விரலிலும் மை தடவிக் காகிதத்தில் எடுத்து வைத்தார், இடது கட்டைவிரலில் இரட்டைக் கண்ணி, நூறு பேரில் ஒருத்தருக்குக்கூட அத்தனை சுத்தமாக இருக்காது, சுகிர்தம் "பிள்ளைய என்ன திருடியா பண்ணப் போறீங்க" என்று சண்டை போட்டாள், அந்தக் காகிதம் இன்னும் பீரோவில் இருக்கிறது. ஜெபின் பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவன் காப்பி குடித்து வைத்த தம்ளரை, சுகிர்தம் கழுவப் போடுவதற்குள் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து ஒரு பார்வை பார்த்தார். யாருக்கும் சொல்லவில்லை. சாதாரணக் கண்ணி. நல்ல பையனுக்கு இருக்கிற மாதிரியான ரேகை. அப்படி ஒன்று கிடையாது என்பது அவருக்குத் தெரியும், திருடனுக்கும் அதே கண்ணிதான், இருந்தாலும் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார்.

திருகைத் திருகிப் பூச்சியைத் திரும்பப் பிடித்தார். கொம்பு நுனியில் அரிவாள் மாதிரி வளைந்த தடித்த மயிர், நான்கு. நகம் ஒல்லி, ஐந்து. வயிற்றின் நடுவில் சின்ன வட்டம், ஆறு. இந்தத் திருடன் ஞாபகம் ஏன் இப்போது வருகிறது, ஜங்ஷன் டீக்கடையில் ஒருத்தன் வந்து நின்றானே, "ஐயா, என்னைத் தெரியுதா?" என்று; முகத்தைப் பார்த்தார், தெரியவில்லை, சொந்தக்காரனாக இருக்குமோ என்று சிரித்து வைத்தார். அவன் வலது கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். "அட, நீயா! சுழி, நடுவுல வெட்டுத் தழும்பு, பேட்டை ரைஸ் மில்லு கேஸு!" என்று கிட்டத்தட்டக் கட்டிப் பிடிக்கப் போய்விட்டார், பழைய சிநேகிதனைப் பார்த்த சந்தோஷம். அவன், "எம் பேரு என்னய்யா?" என்றான். பேர் வரவில்லை. "மூணு வருஷம் உள்ள போட்டுட்டீய, பேரு தெரியாதா" என்று முகம் வாடிப்போய்விட்டான் பாவி மனுஷன். பேர் சொல்லிக் கூப்பிடுவது எளிதா என்ன. டீச்சரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்பதே எட்டு மாதமாக முடிவாகவில்லை. மாப்பிள்ளையின் அம்மா என்றால் பெண்ணின் அப்பனுக்குக் கூடப் பிறந்த முறை, அக்கா அல்லது தங்கச்சி. ஆனால் வயதில் மூத்தவரா இளையவரா என்று யாரிடம் கேட்பது, அவர் கூப்பிடுகிற அண்ணாச்சி வெறும் மரியாதைக்கு, மூத்தவரைத் தங்கச்சி என்றாலும் பரவாயில்லை, இளையவரை அக்கா என்று சொல்லிவிட்டால் அது பூச்சியைவிட மோசம். அதனால் "வாங்க", "உக்காருங்க", "சாப்பிடுங்க" என்று வினைச்சொல்லிலேயே காலம் தள்ளிக்கொண்டிருக்கிறார். ஏழு. பின்பக்கம் இரண்டு மடலிலும் மூன்று மூன்று நீள மயிர், அதுவும் ஒத்துப்போகிறது, ஏழு ஆகிவிட்டது, இதோடு நிறுத்தினால் என்ன? நிறுத்தலாம். கதவைத் திறந்து, "வேற வேற இனம் மாதிரித் தெரியுது" என்று சொல்லலாம், 'மாதிரி' என்று போட்டுக்கொண்டால் பொய்யில்லை. யார் வந்து குழல் எண்ணப்போகிறார்கள். ஆனால் கை, அந்தப் பாழும் கை, முப்பத்தோரு வருஷப் பழக்கத்தில் தானாகவே போய்ப் பெரிய லென்ஸைத் திருப்பிவிட்டது.

மூன்று குழல். தோளுக்குப் பக்கத்தில் ஒன்று, நடுமுதுகில் ஒன்று, தேடத் தேட இன்னும், எல்லாம் மூன்று. எட்டு. இரண்டும் ஒன்றுதான். அருமைநாயகம் நாற்காலியில் சாய்ந்தார். மின்விசிறி ஓடியும் முதுகு நனைந்திருந்தது. ஆக, என் மாடியிலிருந்து டீச்சர் வீட்டுக்கு. நூற்றிருபது வீட்டுக்கு. ஆனால் என் மாடிக்கு எங்கிருந்து? இந்தக் கேள்வி இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. இரண்டு வருஷமாகத் தான் வளர்த்துப் பிரித்து நட்ட செடிகள், வெளியிலிருந்து ஒரு செடிகூட வாங்கவில்லை, மண்ணை வெயிலில் காயப்போட்டுத்தான் நட்டார், ஒன்றுகூட வெளியிலிருந்து, ஒன்றே ஒன்றைத் தவிர. பெண் பார்க்க வந்த அன்றைக்கு, எட்டு மாதத்துக்கு முன்னால், பூவும் பழமும் வைத்த தட்டில் கைப்பிடி உடைந்த டீக் கோப்பை ஒன்றையும் வைத்துக் கொண்டுவந்தார் டீச்சர், அதில் ஒரு குட்டி ஹவொர்த்தியா. "உங்களுக்கும் செடி பிடிக்குமாமே" என்று. நெஞ்சு குளிர்ந்துபோய் அதை வாங்கிச் சின்னத் தொட்டிக்கு மாற்றி மாடியில் மற்றவற்றோடு சேர்த்து வைத்தார். சேர்த்து என்றால், ஒரே தட்டில். அந்தத் தட்டில்தான் தண்ணீர் ஊற்றுவார், எல்லாத் தொட்டியும் அடித்துளை வழியாக அதே தண்ணீரைக் குடிக்கும், பூச்சிக் குஞ்சுக்கு அதைவிட நல்ல ரோடு வேண்டுமா. அப்படியானால் டீச்சர் வீட்டிலிருந்து இங்கே, இங்கிருந்து ஊருக்கு. தப்பித்தார். எழுந்து நின்றேவிட்டார். தப்பித்தேன், நானில்லை, டீச்சர்! இரண்டு நொடி அந்தச் சந்தோஷம் இருந்தது. மூன்றாவது நொடியில், இதைப் போய்க் கதவைத் திறந்து எப்படிச் சொல்வது என்று யோசித்துப் பார்த்தார். உங்கள் வீட்டுச் செடியில்தான் நோய், பெண் பார்க்க வந்த அன்றைக்கே நோயைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தீர்கள். இதை மாப்பிள்ளையின் அம்மாவிடம். கணவரில்லாத மனுஷியிடம், முப்பது வருஷமாகச் செடியே துணையாக இருக்கிறவரிடம். அதைவிட 'நான்தான்' என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அது உண்மையில்லையே; உண்மையில்லை என்றும் எப்படிச் சொல்ல முடியும், ஒரே பூச்சி என்றுதான் எட்டுப் புள்ளியும் சொல்கின்றன, யார் முதலில் என்று ஒரு புள்ளியும் சொல்லவில்லை. "என்னங்க" என்று சுகிர்தம் கதவைத் தட்டினாள், இந்தத் தடவை குரலில் வேறு ஏதோ இருந்தது, "வெளிய வாங்க. மைனி அழுதாவ."

தாழ்ப்பாள் சத்தம் அவர் நினைத்ததைவிடப் பெரிதாகக் கேட்டது. முன்னறையில் எப்சிபா டீச்சர் கைப்பையை மடியில் வைத்துக் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார், காப்பி தொடப்படாமல் ஆடை கட்டியிருந்தது. அருமைநாயகம் வாசல்படியிலேயே நின்று, வழியில் தயார் செய்த வாக்கியத்தை ஒரே மூச்சில் சொன்னார்: "எல்லாம் எங்க மாடில இருந்து வந்ததுதான், தப்பு என் பேர்ல, வேர நான் பாக்கல, மன்னிச்சிருங்க." டீச்சர் கைக்குட்டையை இறக்கினார். "நீங்க என்ன அண்ணாச்சி சொல்லுதீங்க? அது எங்க வீட்டுப் பூச்சி. எனக்கு அப்பவே தெரியும். அந்தக் கப்புல நடும்போதே வேர்ல ஒரு வெள்ளை பாத்தேன். பூஞ்சணமா இருக்கும்னு என்னை நானே சமாதானப்படுத்திக்கிட்டேன். அன்னைக்குப் பூத்தட்டோட ஒரு செடி இல்லாம வந்தா நல்லா இருக்காதேன்னு. போன வாரம் எங்க வீட்டுச் செடியெல்லாம் கவுத்துப் பாத்தா, பத்துல நாலுக்கு வேரே இல்ல. நீங்க குடுத்ததக் கவுத்தா அதுலயும் அதே வெள்ளை. அப்பதான் நெனச்சேன், ஐயோ, அண்ணாச்சி மாடி என்ன ஆச்சோன்னு. ஒருநாள் நீங்களே கண்டுபிடிப்பீங்க, கண்டுபிடிக்கிறதுதானே உங்க தொழிலு. கல்யாணம் முடிஞ்சப்புறம் கண்டுபிடிச்சா எம் பிள்ளைக்கு என்ன மரியாதை?" நேற்று சாயங்காலத்திலிருந்து இவரும், போன வாரம் முழுக்க அவரும் ஒரே பயத்தைத்தான் இரண்டு ஊரில் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள் என்று விளங்கியபோது அருமைநாயகத்துக்கு முதலில் வந்தது சிரிப்பில்லை, ரோஷம். "அதெப்படி உங்க பூச்சின்னு சொல்லுதீங்க? என் மாடிலயே இருந்திருக்கலாம். நிரூபிக்க முடியாது." "கப்புல நான் பாத்தேனே." "நீங்க பாத்தது பூஞ்சணமா இருந்தா?" "பூஞ்சணம் இல்ல அண்ணாச்சி, எனக்குத் தெரியாதா?" "அப்ப ஏன் பூஞ்சணம்னு கொடுத்தீங்க?" குரல் ஏறிக்கொண்டே போயிற்று, எங்கள் பூச்சி, இல்லை எங்கள் பூச்சி என்று, பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் இதுவரைக்கும் ஒரு பொருளுக்காகவும் சண்டை போட்டதில்லை. சுகிர்தம் நடுவில் நின்று, "ரெண்டு வீட்டுக்கும் பொதுவா வச்சுக்கிடுங்க. இப்ப அந்த நூத்திருவது வீட்டுக்கு என்ன வழி?" என்றாள். எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

டீச்சர் முதலில் பூச்சியைப் பார்க்க வேண்டும் என்றார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மைக்ரோஸ்கோப்பில் குனிந்தவர் வெகு நேரம் நிமிரவில்லை. "இத்தனை வருஷம் மருந்தடிச்சு இத்தனையக் கொன்னிருக்கேன், முகத்தப் பாத்ததில்ல. கண்ணே இல்லையே இதுக்கு, பாவம்" என்றார். பிறகு நிமிர்ந்து, பழைய தலைமை ஆசிரியையாகி, நிச்சயதார்த்தத்துக்கு அழைத்தவர்களின் பெயர் நோட்டை வாங்கி நடுவில் மடக்கினார்: முன்பாதி அண்ணாச்சி, பின்பாதி நான், செடியைப் பையில் கட்டித் தூரப் போடச் சொல்ல வேண்டும், மற்ற தொட்டிகளோடு சேர்க்கக் கூடாது, காரணம் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும், மழுப்பக் கூடாது. அருமைநாயகம் செல்போனை எடுத்தார். விரல் வியர்த்து, போன் அவருடைய ரேகையையே ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்றது. முதல் பெயர் தூத்துக்குடி ஆபிரகாம் மச்சான். மைக் பிடித்துப் பேசியதற்கெல்லாம் சேர்த்துக் கேட்கப்போகிறார் என்று நினைத்தால், "எந்தச் செடி? ஓ, அதுவா! மச்சான், தப்பா எடுத்துக்கிடாதீங்க, உங்க தங்கச்சி தெனம் ரெண்டு சொம்பு தண்ணி ஊத்துனா, கொழகொழன்னு போயிட்டு" என்றார். அப்பாடா என்று பெயருக்கு எதிரே ஒரு கோடு போட்டார். அடுத்தது, பிரிட்ஜ் மேல் வைத்து மறந்து காய்ந்துவிட்டது. அப்பாடா. அடுத்தது, நிச்சயதார்த்தம் முடிந்து வந்த காரிலேயே விட்டுவிட்டார்கள், வெயிலில் வெந்துவிட்டது. அடுத்த வீட்டில் ஆடு தின்றுவிட்டது. டீச்சர் பக்கமும் அதே கதைதான் போலிருக்கிறது, "சரிம்மா, பரவால்லம்மா, அழாத" என்று கோடு போட்டுக்கொண்டிருந்தார். பத்தாவது போன் வரைக்கும் அருமைநாயகத்துக்கு ஆறுதலாக இருந்தது, ஆண்டவர் இருக்கிறார், ஜனங்களின் கை வழியாகவே தன் மானத்தைக் காப்பாற்றிவிட்டார் என்று. பதினைந்தாவதில் அந்த ஆறுதலில் ஏதோ உறுத்தியது. இருபதாவதில், "அது செத்து ரெண்டு மாசம் ஆச்சே சார்" என்று ஒருத்தர் சிரித்துக்கொண்டே சொன்னபோது சட்டென்று போனை வைத்துவிட்டார். ஹவொர்த்தியா. சாதுச் செடி. ஒன்றுமே செய்யாமல் விட்டால் போதும், பிழைத்துக்கொள்ளும். இரண்டு வருஷம் ஒவ்வொரு குட்டியாகப் பிரித்து, ஒவ்வொரு தொட்டிக்கும் கூழாங்கல் பரப்பி. பூச்சிக்குக்கூட வேலை வைக்காமல் மூன்றே மாதத்தில் கொன்று தீர்த்திருக்கிறார்கள். "பூச்சியே தேவலை" என்றார் சுகிர்தத்திடம். மணி ஒன்றாகியிருந்தது, அவள் இலை போடப் போய்விட்டாள். கடைசியாக ஒன்று என்று முப்பத்து நாலாவது பெயரைப் போட்டார், பழைய ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்த மேரி ஸ்டெல்லா. "செடியா? நீங்க குடுத்த அந்தப் பிளாஸ்டிக் செடிதானே சார்? டிவி மேல வச்சிருக்கேன் சார், வாரத்துக்கு ஒருதரம் தொடைச்சி வைப்பேன், அப்படியே புதுசா இருக்கு. ஆனா சார், ஒரு ஆச்சரியம், அதுக்குப் பக்கத்துல சின்னதா ஒண்ணு மொளைச்சிருக்கு. பிளாஸ்டிக் எப்படிக் குட்டி போடும்னு நானும் எம் மவளும் பேசிக்கிட்டே இருக்கோம்." அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "குட்டி போட்டிருக்கா? நல்லாப் பாரும்மா, பச்சையா இருக்கா? எத்தனை இலை?" "மூணு இலை சார். கறுப்புப் பச்சை, வெள்ளை வரி." "வெள்ளை வரி இருக்கா!" என்று கத்திவிட்டார். "கேளும்மா, அது உசிருள்ள செடி. நீ இவ்வளவு நாள் செஞ்சதே சரி. இனிமேயும் ஒண்ணும் செய்யாத. தொடைக்கிறதுன்னா மெதுவாத் தொடை. குட்டியப் பிரிக்காத, இன்னும் ஒரு ஆறு மாசம் அம்மா கூடவே இருக்கட்டும்." போனை வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டு, "ஒண்ணு பிழைச்சிருக்கு! குட்டி வேற!" என்றார். டீச்சர் பேனாவோடு காத்துக்கொண்டிருந்தார். "நல்லது அண்ணாச்சி. தூரப் போடச் சொல்லிட்டீங்களா?" அருமைநாயகம் நோட்டைப் பார்த்தார், போனைப் பார்த்தார், மேரி ஸ்டெல்லா என்ற பெயருக்கு எதிரே கோடு போடாமல் பேனாவை மூடினார். "சாப்பிட்டுட்டுச் சொல்லுவோம்" என்றார்.